உங்கள் ஃபேஜுக்கு எந்த பாக்டீரியா மரபணு தேவை? கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் நுண்ணுயிரியல் படிக்கிறவர்கள் விரும்பி எடுக்கும் புராஜெக்டுகளில் சாக்கடை நீரிலிருந்து, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜைப் பிரிப்பதும் ஒன்று. செலவு குறைவு, சில நாட்களிலேயே பலன் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் பிளேட்டில் தெளிவட்டம் (ஃபேஜ் பாக்டீரியாவைக் கொன்ற இடம்) விழுந்ததும் படம் எடுத்து அறிக்கையில் ஒட்டி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. பாக்டீரியாவின் எந்த மரபணு இல்லாவிட்டால் அந்த வட்டம் விழாது, ஏன் விழாது என்ற கேள்விதான் இந்தத் துறையின் உயிர்நாடி. அதற்கு விடை தேட விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. வாட்டர் பாத், இன்குபேட்டர், சென்ட்ரிஃப்யூஜ், ஆட்டோகிளேவ், ஒரு சின்ன ஸ்ட்ரெயின் (பாக்டீரியாவின் உள்வகை) தொகுப்பு, பொறுமை ஆகியவை போதும்.

1915-ல் ட்வோர்ட், 1917-ல் தெரேல் என இருவர் தனித்தனியே ஃபேஜைப் பதிவு செய்தார்கள். இதன் சொந்தச் சொத்து மிகக் குறைவு. லாம்டா ஃபேஜின் டி.என்.ஏ. 48,502 எழுத்து இணைகள், டி7 ஃபேஜுக்கு 39,937. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவிடம் இருப்பதோ சுமார் 46 லட்சம். ரைபோசோம், ஆற்றல், டி.என்.ஏ. கட்டும் மூலப்பொருள் எல்லாவற்றையும் ஃபேஜ் பாக்டீரியாவிடமிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் ஃபேஜைப் பற்றி எழுதும்போது பாதிக் கதை பாக்டீரியாவின் மரபணுக்களில் இருக்கிறது.

தொடங்கும் முன் மனதில் இருக்க வேண்டிய படம்

ஒரு பாக்டீரியா மரபணு ஃபேஜின் வாழ்க்கையில் எங்கே குறுக்கிடுகிறது என்பதுதான் நாம் தேடுவது. முதல் இடம், ஒட்டுதல். லாம்டா ஒட்டுவது லாம்-பி என்ற புரதத்தில். பாக்டீரியா அதை வைத்திருப்பது மால்டோஸ் சர்க்கரையை உள்ளே எடுக்க. டி1, டி5 ஃபேஜ்கள் இரண்டும் இரும்பை உள்ளே எடுக்கும் ஃப்ஹு-ஏ புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். டி6-க்கு டி.எஸ்.எக்ஸ். புரதம். டி4-க்கு கே-12 என்ற ஆய்வக ஈ.கோலை ஸ்ட்ரெயினில் ஓம்ப்-சி புரதமும், வெளிச்சவ்வில் உள்ள, கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த லிப்போபாலிசாக்கரைடும் வேண்டும். டி7-க்கு அந்த லிப்போபாலிசாக்கரைடே போதும்.

ஒட்டிவிட்டால் நுழைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். டி1 ஒட்டிய பிறகும் டான்-பி என்ற புரதம் தரும் ஆற்றல் இல்லாமல் தொற்ற முடியாது. லாம்டாவின் டி.என்.ஏ. உள்சவ்வைத் தாண்ட, மேனோஸ் சர்க்கரையைக் கடத்தும் புரதத் தொகுதி உதவுகிறது.

உள்ளே போனபின் பெருகுதல். டி7 தன் டி.என்.ஏ. பாலிமரேஸை (டி.என்.ஏ.வை நகலெடுக்கும் என்சைம்) தானே கொண்டுவருகிறது. ஆனால் அது விட்டுவிடாமல் நீண்ட தூரம் ஓட, பாக்டீரியாவின் தயோரெடாக்சின் அதோடு சேர வேண்டும். தயோரெடாக்சினைச் செய்யும் ட்ரக்ஸ்-ஏ மரபணுவை நீக்கினால் டி7 பெருகாது, பாக்டீரியாவோ சாதாரணமாக வளரும். லாம்டாவுக்கு டிஎன்ஏ-ஜே, டிஎன்ஏ-கே, ஜி.ஆர்.பி-ஈ, தலைப்பகுதி கட்ட குரோ-ஈ என்ற பாக்டீரியா மரபணுக்கள் வேண்டும். இன்று எல்லா உயிரியல் பாடநூல்களிலும் இருக்கும் இந்தத் துணைப்புரதங்கள் (மற்றப் புரதங்கள் சரியாக மடிய உதவுபவை) முதலில் அகப்பட்டதே, ‘லாம்டா ஏன் இந்த மியூட்டன்ட்டில் (மரபணு மாறிய பாக்டீரியாவில்) வளரவில்லை?’ என்று கேட்டவர்களிடம்தான்.

கடைசியாகத் தற்காப்பு. அன்னிய டி.என்.ஏ.வை வெட்டும் ரெஸ்ட்ரிக்ஷன் என்சைம்கள், முன்பு வந்த ஃபேஜின் டி.என்.ஏ.வை நினைவில் வைத்து வெட்டும் கிரிஸ்பர், தொற்றிய செல் தானே செத்து அண்டைச் செல்களைக் காக்கும் ஏற்பாடு என இது பெரிய உலகம். கிரிஸ்பர் ஃபேஜுக்கு எதிரான காப்பு என்பது தயிர் தயாரிப்பில் பயன்படும் ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸில் 2007-ல் சோதனையாக நிறுவப்பட்டது.

1. சாம்பிள் எடுப்பது

ஈ.கோலையின் ஃபேஜ் மனிதக் கழிவு கலந்த நீரில் தாராளமாகக் கிடைக்கும். பந்தல்குடி கால்வாய், கிருதுமால், செல்லூர் கண்மாய் எல்லாம் பொருத்தமான இடங்கள். அவனியாபுரம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் எடுக்க வேண்டுமானால் கல்லூரிக் கடிதத்தோடு மாநகராட்சியிடம் அனுமதி கேளுங்கள். அழகர் இறங்குவதற்காக வைகை அணையில் தண்ணீர் திறந்துவிடும் நாட்களில் ஆற்றுப்படுகையில் எடுத்தால் எல்லாம் நீர்த்துப் போயிருக்கும். அப்போது கால்வாய்க்குள்ளேயே எடுப்பது நல்லது.

காலையில் 50 மி.லி. போதும். கையுறை கட்டாயம், ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து அன்றே வேலையைத் தொடங்குங்கள். நம் ஊர் வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் கிடந்த பாட்டிலை நம்பி எண்ணிக்கை சொல்லக் கூடாது.

நீரை 5,000 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுழற்றி, மேல்நீரை 0.45, பிறகு 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள். பாக்டீரியா நின்றுவிடும், ஃபேஜ் கடந்துவிடும். இந்த நீரோடு பாக்டீரியாவைச் சேர்த்து இரவு முழுக்க வளர்த்துப் பெருக்குவது வழக்கம். நீர் அழுக்காக இருந்தால் அதைத் தவிர்த்து நேரடியாகப் பிளேட்டில் போடுங்கள் என்பது என் கருத்து. பெருக்கினால் எது வேகமாக வளருமோ அந்த ஒரு வகையே குழாயை நிரப்பிவிடும், மற்றவை தெரியாமலே போய்விடும்.

2. ஸ்ட்ரெயின் தேர்வு

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். மரபணுவைப் பற்றிப் பேச வேண்டுமானால் மரபணு முழுதும் தெரிந்த பாக்டீரியா வேண்டும். ஜப்பானில் உருவான கெயோ தொகுப்பு இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஈ.கோலை கே-12 வகையைச் சேர்ந்த பி.டபிள்யூ.25113 என்ற ஸ்ட்ரெயினில் ஒவ்வொரு மரபணுவாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கனாமைசின் எதிர்ப்பு மரபணுவை வைத்திருக்கிறார்கள். 2006-ல் வெளியான இந்தத் தொகுப்பில் 3,985 மரபணுக்களுக்கு மியூட்டன்ட் உண்டு. மீதி 303 மரபணுக்களை நீக்க முடியவில்லை, அவற்றில் பெரும்பாலானவை இல்லாமல் பாக்டீரியா வாழாது. குரோ-ஈ அப்படிப்பட்டது. அதைச் சோதிக்க வெப்பத்துக்கு முறியும் தனி மியூட்டன்ட் வேண்டும்.

முழுத் தொகுப்பும் தேவையில்லை. ஈ.கோலை மரபியல் நடக்கிற ஆய்வகங்களில் கேட்டால் சில ஸ்ட்ரெயின்கள் கிடைக்கும். காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலத்தில் இந்த வேலை பல ஆண்டுகளாக நடந்திருக்கிறது. துறைத் தலைவர் கையெழுத்தோடு கேளுங்கள். முதல் தொகுப்பாக நான் சொல்வது: லாம்-பி, ஃப்ஹு-ஏ, டான்-பி, டி.எஸ்.எக்ஸ், ஓம்ப்-சி, ஓம்ப்-எஃப், ஃபேட்-எல் (கடைசி இரண்டும் வெளிச்சவ்வுப் புரதங்களே), லிப்போபாலிசாக்கரைடுக்கு வா-சி, கேல்-யு, உள்வேலைக்கு ட்ரக்ஸ்-ஏ, டிஎன்ஏ-ஜே. கூடவே எந்த மரபணுவும் நீக்காத மூல ஸ்ட்ரெயின்.

வந்த ஸ்ட்ரெயினைக் கனாமைசின் பிளேட்டில் கீறித் தனிக் காலனி எடுங்கள். மரபணு உண்மையிலேயே இல்லையா என்று பி.சி.ஆரில் (டி.என்.ஏ.வின் ஒரு பகுதியை நகலெடுத்துப் பார்க்கும் முறை) பாருங்கள். அந்தத் தொகுப்பின் சில ஸ்ட்ரெயின்களில் நீக்கியதாகச் சொல்லும் மரபணுவின் இன்னொரு பிரதி ஒளிந்திருப்பது பின்னால் தெரியவந்தது.

3. ஃபேஜைத் தூய்மையாக்குவது

1.5 சதவீத அகார் பிளேட் கீழே. 0.6 சதவீத டாப் அகார் 3 மி.லி., 45 முதல் 50 டிகிரி வாட்டர் பாத்தில் உருகிய நிலையில். அதில் வளரும் பருவத்துக் கல்ச்சர் 0.2 மி.லி., வடிகட்டிய நீர் 0.1 மி.லி., கால்சியம் குளோரைடு கொஞ்சம். ஒருமுறை மென்மையாகக் கலக்கி உடனே பிளேட்டில் ஊற்றி, நான்கு பக்கமும் சாய்த்துப் பரப்புங்கள். ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டு லேபிள் தேடினால் அகார் கட்டிதட்டி, பரப்பு மேடும் பள்ளமுமாகிவிடும். லேபிளை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

அக்னி நட்சத்திர மாதத்தில் பிளேட்டைத் திறந்துவைத்து உலர்த்துவதில் கவனம். அதிகம் காய்ந்தால் ஃபேஜ் பரவ முடியாமல் வட்டம் சிறுத்துவிடும். ஈரம் மிஞ்சினால் வட்டங்கள் ஒன்றோடொன்று வழியும். ஒரே நாளில் ஊற்றி, ஒரே நேரம் உலர்த்திய பிளேட்டுகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடலாம்.

மறுநாள் ஒரு தனி வட்டத்தைப் பிப்பெட் நுனியால் குத்தி எடுத்து, ஃபேஜைக் கெடாமல் வைக்கும் உப்புக் கரைசலான எஸ்.எம். பஃபரில் போட்டு, நீர்த்து, மறுபடி பிளேட். இப்படி மூன்று சுற்று. வட்டங்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே தோற்றமாக வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். கலப்பு ஃபேஜை வைத்து மரபணு தேடினால், ஒன்று ஒட்டாதபோது மற்றொன்று ஒட்டி, எந்த விடையும் கிடைக்காது.

4. எண்ணுவது: மூல ஸ்ட்ரெயினும் மியூட்டன்ட்டும்

தூய்மையாக்கிச் சேர்த்த ஒரே ஃபேஜ் கரைசலை, அதாவது ஸ்டாக்கை, பத்துப் பத்தாக நீர்த்து, மூல ஸ்ட்ரெயினிலும் ஒவ்வொரு மியூட்டன்ட்டிலும் போடுங்கள். 30 முதல் 300 வட்டம் உள்ள பிளேட்டை மட்டும் எண்ணுங்கள். மூல ஸ்ட்ரெயினில் 10⁻⁶ நீர்த்தலில் 0.1 மி.லி. போட்டு 150 வட்டம் வந்தால், மி.லி.க்கு 1.5 × 10⁹. மியூட்டன்ட்டில் 10⁻³ நீர்த்தலில் 45 வட்டம் என்றால் 4.5 × 10⁵. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 3 × 10⁻⁴. இதுதான் பிளேட்டிங் திறன். 1-க்கு அருகில் இருந்தால் அந்த மரபணு பொருட்டில்லை. பத்தாயிரத்தில் ஒன்று என்றால் கதை இருக்கிறது.

சொட்டு வைத்துப் பார்க்கும் சோதனை வேகமானது, முதல்கட்டத் தேர்வுக்குப் போதும். ஆனால் அடர்த்தியான ஸ்டாக்கைச் சொட்டினால், ஃபேஜ் ஒன்றுகூடப் பெருகாமல் வெளியிலிருந்தே செல் உடைந்து தெளிவு தெரியலாம். நீர்க்க நீர்க்கத் தனி வட்டமாகப் பிரிகிறதா என்று பாருங்கள். பிரியவில்லை என்றால் அதைத் தொற்று என்று எழுதக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை, மெதுவாக வளரும் மியூட்டன்ட்டுகள் பற்றி. பரப்பு மெலிதாக வந்தால் வட்டத்தின் அளவும் எண்ணிக்கையும் மாறித் தெரியும். சம்பந்தமில்லாத இரண்டாவது ஃபேஜ் ஒன்றை எல்லா ஸ்ட்ரெயினிலும் கூடவே போட்டுவாருங்கள். அதுவும் குறைந்தால் குறை பாக்டீரியாவின் வளர்ச்சியில், உங்கள் மரபணுவில் இல்லை.

மரபணு இருந்தும் வேலை செய்யாத நிலையும் உண்டு, இதை மறந்துவிடுகிறார்கள். லாம்-பி புரதத்தை பாக்டீரியா மால்டோஸ் இருந்தால்தான் நிறையச் செய்யும், குளுக்கோஸ் இருந்தால் குறைத்துக்கொள்ளும். மூல ஸ்ட்ரெயினையே 0.2 சதவீத மால்டோசில் ஒன்று, குளுக்கோசில் ஒன்று என வளர்த்து ஒப்பிடுங்கள். அந்தக் கட்டுப்பாட்டை நடத்தும் சி.ஆர்.பி. மரபணுவை நீக்கினாலும் லாம்டா தடுமாறும். அதற்காக ஃபேஜ் சி.ஆர்.பி.யில் ஒட்டுகிறது என்று எழுதிவிடாதீர்கள்.

5. ஒட்டுகிறதா இல்லையா

பிளேட்டிங் திறன் விழுந்த மியூட்டன்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 37 டிகிரியில் மி.லி.க்கு சுமார் 2 × 10⁸ பாக்டீரியா, அதில் 10⁶ ஃபேஜ். 0, 2, 5, 10-வது நிமிடங்களில் கொஞ்சம் எடுத்து, குளோரோஃபார்ம் இரண்டு சொட்டு உள்ள குளிர்ந்த குழாயில் விட்டு, சுழற்றி, மேல்நீரில் மிஞ்சிய ஃபேஜை மூல ஸ்ட்ரெயினில் எண்ணுங்கள். தொற்றிய செல்கள் புதிய ஃபேஜை உருவாக்கும் முன்பே குளோரோஃபார்மில் செத்துவிடும், எனவே ஒட்டாத ஃபேஜ் மட்டும் கணக்கில் வரும். சில ஃபேஜ்கள் குளோரோஃபார்மைத் தாங்காது. ஸ்டாக்கில் ஒரு பங்கை முன்கூட்டியே சோதித்து, தாங்காவிட்டால் ஃபில்டரில் பிரியுங்கள்.

மூல ஸ்ட்ரெயினில் 10 நிமிடத்தில் 10⁶ என்பது 2 × 10⁴ ஆகி, மியூட்டன்ட்டில் 9 × 10⁵ மிஞ்சினால் விடை தெளிவு: தடை ஒட்டுதலில்தான். இரண்டிலும் ஒரே மாதிரி குறைந்தால் தடை உள்ளே இருக்கிறது. அப்போது அதிக ஃபேஜ் சேர்த்து, ஒரு செல்லுக்கு ஐந்து என்ற விகிதத்தில் தொற்றவிட்டு, எத்தனை பாக்டீரியா பிழைக்கிறது என்று காலனி எண்ணுங்கள். பாக்டீரியா செத்து ஃபேஜும் வராவிட்டால் பெருக்கம் நடுவில் நின்றிருக்கிறது, அல்லது செல் தன்னையே பலி கொடுத்திருக்கிறது. பாக்டீரியா பிழைத்துக்கொண்டால், ஃபேஜ் டி.என்.ஏ. உள்ளே போகவில்லை அல்லது போனதும் வெட்டப்பட்டது.

எல்லிஸும் டெல்ப்ரூக்கும் 1939-ல் தந்த ஒற்றைப்படி வளர்ச்சி வளைவு இங்கே மிகவும் உதவும். எத்தனை நிமிடத்தில் செல் உடைகிறது, ஒரு செல்லிலிருந்து எத்தனை ஃபேஜ் வருகிறது என்ற இரண்டு எண்கள் அதில் கிடைக்கும்.

6. வெட்டும் என்சைமா? இதற்கு ஒரு தனிச் சோதனை

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள், இதில்தான் பாக்டீரியா மரபணு ஃபேஜின் அடுத்த தலைமுறையையே மாற்றுவது தெரியும்.

பாக்டீரியா தன் டி.என்.ஏ.வில் சில இடங்களில் மெத்தில் அடையாளம் வைத்துக்கொள்கிறது. அடையாளம் இல்லாத டி.என்.ஏ. நுழைந்தால் வெட்டுகிறது. தப்பிய ஒன்றிரண்டு ஃபேஜ் அந்தச் செல்லில் பெருகும்போது குஞ்சு ஃபேஜ்களுக்கும் அந்த அடையாளம் விழுந்துவிடும். கிடை ஆடுகளுக்குச் சாயம் பூசி வைப்பார்களே, எந்தக் கிடையில் இருந்ததோ அந்தச் சாயம். ஆட்டின் இனம் மாறுவதில்லை. சோதனையும் அதன்படிதான். எண்ணிக்கை குறைந்த ஸ்ட்ரெயினில் விழுந்த வட்டத்திலிருந்து ஃபேஜ் எடுத்து அதே ஸ்ட்ரெயினில் மறுபடி போடுங்கள். இப்போது திறன் 1 ஆனால், அது மியூட்டேஷனா அடையாளமா என்ற கேள்வி வரும். அதே ஃபேஜை ஒரு சுற்று, முன்பு வளர்ந்த பழைய ஸ்ட்ரெயினில் வளர்த்து, திரும்பவும் போட்டுப் பாருங்கள். பழையபடி குறைந்தால் அது அடையாளம். குறையாமல் நின்றால் ஃபேஜின் மரபணுவே மாறியிருக்கிறது.

இங்கே கெயோ தொகுப்பில் ஒரு சிக்கல் உண்டு. பி.டபிள்யூ.25113-ல் வெட்டும் மரபணு பழுது, அடையாளம் வைக்கும் மரபணு நல்ல நிலையில். அதில் வளர்த்த ஃபேஜ் கே-12 அடையாளத்தோடுதான் வெளியே வரும். வெட்டும் திறனுள்ள இன்னொரு கே-12 ஸ்ட்ரெயினான எம்.ஜி.1655-ல் போட்டால் தடை தெரியாது. இரண்டும் இல்லாத ஈ.கோலை சி ஸ்ட்ரெயினில் ஒரு சுற்று வளர்த்து, பிறகு எம்.ஜி.1655-ல் போடுங்கள். லாம்டா என்றால் திறன் சுமார் 10⁻⁴-க்கு இறங்கும். டி7 இறங்காது. அது நுழைந்ததும் வெட்டும் என்சைமை மறிக்கும் புரதத்தை முதலில் செய்துகொள்கிறது.

1952-ல் லூரியாவும் ஹியூமனும் இதைவிட விசித்திரமான ஒன்றைப் பார்த்தார்கள். ஒரு வகை ஈ.கோலை மியூட்டன்ட்டில் டி2-ஐ வளர்த்தால் செல் சாகிறது, வெளிவந்த ஃபேஜோ சாதாரண ஈ.கோலையில் வட்டம் போடுவதில்லை. வழக்கமான கல்ச்சர்க் குழாய் உடைந்துபோனதால் கையில் கிடைத்த ஷிகெல்லா என்ற வேறொரு பாக்டீரியாவில் போட்டுப் பார்த்தபோது வட்டங்கள் நிறைய வந்தன. ஃபேஜ் செத்திருக்கவில்லை. காரணம் பின்னாளில் தெரிந்தது. டி2, டி4 ஃபேஜ்கள் தங்கள் டி.என்.ஏ.வின் மேல் குளுக்கோஸ் மூலக்கூறுகளைப் பூசிக்கொண்டு என்சைம்களிடமிருந்து தப்புகின்றன. பூசும் என்சைம் ஃபேஜினுடையது, குளுக்கோஸைத் தரும் யு.டி.பி.-குளுக்கோஸ் பாக்டீரியாவினுடையது. கேல்-யு மரபணு பழுதான பாக்டீரியாவில் அது கிடையாது, குஞ்சுகள் பூச்சில்லாமல் பிறக்கின்றன, அடுத்த ஈ.கோலையில் வெட்டுப்படுகின்றன. ஃபேஜின் டி.என்.ஏ. எழுத்து ஒன்றுகூட மாறாமல், வளர்ந்த வீட்டின் ஒரு மரபணு அதன் எதிர்காலத்தைத் தீர்மானித்திருக்கிறது. உங்கள் தொகுப்பில் கேல்-யு வைத்திருக்கச் சொன்னது இதற்காகவும்தான். அதில் வளர்த்த ஸ்டாக்கை எடுத்து மூல ஸ்ட்ரெயினில் போட்டுப் பாருங்கள். ஆனால் கேல்-யு இல்லாவிட்டால் லிப்போபாலிசாக்கரைடும் குறைபடும், ஃபேஜ் அதில் ஒட்டாமலே போகலாம் என்பதால் 5-வது படியை முடித்துவிட்டு வாருங்கள்.

இந்த அடையாள ஆய்வுகளின் தொடர்ச்சியாகத்தான் வெட்டும் என்சைம்கள் கிடைத்தன. 1978-ல் ஆர்பர், நேதன்ஸ், ஸ்மித் மூவருக்கும் நோபல் பரிசு வந்தது.

7. மரபணுவைத் திருப்பிக் கொடுப்பது

இந்தப் படி இல்லாத அறிக்கையை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். நீக்கிய மரபணுவை ஒரு பிளாஸ்மிடில் (தனியே நகலாகும் சிறு வட்ட டி.என்.ஏ.) வைத்து மியூட்டன்ட்டுக்குள் அனுப்புங்கள். ஃபேஜ் மறுபடி வளர்ந்தால்தான் குறைக்கு அந்த மரபணு காரணம். வெறும் பிளாஸ்மிடை வைத்த ஒப்பீட்டு மாதிரியும் கூடவே வேண்டும். கெயோ தொகுப்புக்கு இணையாக அஸ்கா என்ற பிளாஸ்மிட் தொகுப்பு இருக்கிறது, ஐ.பி.டி.ஜி. என்ற தூண்டும் ரசாயனத்தைச் சேர்த்தால் புரதம் உருவாகும். குறைந்த அளவில் தொடங்குங்கள். வெளிச்சவ்வுப் புரதத்தை அளவுக்கு மீறிச் செய்யச் சொன்னால் செல்லே நோயாகிவிடும்.

மியூட்டன்ட் தொகுப்பு கிடைக்காவிட்டால்

எதிர்ப்பு பெற்ற பாக்டீரியாவை உங்கள் பிளேட்டிலிருந்தே எடுக்கலாம். தெளிந்த பகுதிக்குள் ஓரிரு நாளில் முளைக்கும் காலனிகளே அவை. ஃபேஜைச் சந்திப்பதற்கு முன்பே அந்த மியூட்டேஷன்கள் உருவாகியிருக்கும் என்பதை லூரியாவும் டெல்ப்ரூக்கும் 1943-ல் காட்டினார்கள். அவற்றைப் பலமுறை கீறித் தூய்மையாக்கி, ஒட்டுதல் சோதனை செய்து, தெரிந்த ஃபேஜ்கள் கையில் இருந்தால் அவற்றையும் தாங்குகிறதா பாருங்கள். டி1, டி5 இரண்டையும் தாங்கினால் ஃப்ஹு-ஏ மேல் சந்தேகம் வரும். டி5 தொற்றி டி1 மட்டும் தொற்றாவிட்டால் டான்-பி பக்கம் பாருங்கள். முழு மரபணு வரிசையை ஒரு காலனிக்காவது எடுக்க நிதி கிடைத்தால் விடை நேரடியாகவே வந்துவிடும்.

எழுதுவதும் பத்திரப்படுத்துவதும்

அறிக்கையில் ஃபேஜ் எந்த ஸ்ட்ரெயினில் கடைசியாக வளர்ந்தது என்பதை ஒவ்வொரு அட்டவணையிலும் எழுதுங்கள். 6-வது படியைப் படித்தவர்களுக்குக் காரணம் புரியும். எல்லா மியூட்டன்ட்டிலும் திறன் 1 வந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். உங்கள் ஃபேஜுக்கு இரண்டு ஒட்டுமிடங்கள் இருக்கலாம், அடுத்தவர் இரட்டை மியூட்டன்ட்டில் பார்ப்பார். கே-12-க்கு லிப்போபாலிசாக்கரைடின் வெளி நுனியான ஓ-ஆன்டிஜன் கிடையாது. ஊரில் மனிதரிடமோ மாட்டிடமோ வாழும் ஈ.கோலையில் அது இருக்கும். எனவே கே-12-ல் கண்டதை எல்லா ஈ.கோலைக்கும் நீட்டிச் சொல்ல வேண்டாம்.

ஸ்டாக்கை 4 டிகிரியில், எஸ்.எம். பஃபரில் வையுங்கள். ஃபேஜ் எண், எடுத்த இடம், தேதி, வளர்த்த ஸ்ட்ரெயின் நான்கும் லேபிளில் இருக்கட்டும். பாக்டீரியாக் கல்ச்சர்களை வைத்திருக்கும் பெட்டியில் மட்டும் வேண்டாம். பிளேட், டிப், கழுவிய நீர் எல்லாம் ஆட்டோகிளேவுக்குப் போன பிறகே வெளியே போக வேண்டும். டி1 வகை ஃபேஜ் காய்ந்த தூசியிலும் பிழைத்துக் கிடந்து, பக்கத்து மேசையில் வேலை செய்பவரின் கல்ச்சர்களை எல்லாம் கரைத்துவிடும்.